கட்டி சுருங்கலை... ஆனா செத்துப்போச்சு! கல்லீரலுக்குள்ளே பார்க்க ஒரு கண் கொடுத்த ஹவுன்ஸ்ஃபீல்டு

போன வருஷம் ஒரு ராத்திரி, எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பி.டி.எஃப் வந்து விழுந்தது. பெரியப்பாவோட சி.டி ஸ்கேன் ரிப்போர்ட். அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாவே மருந்தைச் செலுத்தி, அந்தக் குழாயை அடைக்கும் சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் தேடினது ஒரே ஒரு எண்ணைத்தான். சிகிச்சைக்கு முன்னாடி கட்டி 4.2 சென்டிமீட்டர். இப்போ 4.1.

குரூப்ல அப்புறம் யாரும் எதுவும் பேசலை. இவ்வளவு கஷ்டப்பட்டும் ஒரு மில்லிமீட்டர்தானா என்று பெரியம்மா அழுதுகொண்டே இருந்தார். மறுநாள் காலையில் டாக்டரைப் பார்த்தால், அவர் முகத்தில் சந்தோஷம்! அளவு அப்படியே இருந்தாலும் கட்டி கிட்டத்தட்ட முழுசா செத்துவிட்டது என்றார். திரையில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழைய படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்த இடம், புதுப் படத்தில் கறுத்துக் கிடந்தது.

வயிற்றைத் திறக்காமலே உள்ளே இருக்கும் ஒரு கட்டி உயிரோடு இருக்கா, செத்துப்போச்சா என்று சொல்ல முடிகிறதே... அந்தக் கண்ணை நமக்குக் கொடுத்தது யார்? அவர் டாக்டர் கிடையாது. பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லாத ஓர் இன்ஜினீயர். பெயர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் கதையைத்தான் இப்போ படிக்கப்போறீங்க.

வைக்கோல் போரிலிருந்து குதித்த பையன்

1919 ஆகஸ்ட் 28. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பகுதியில் உள்ள நியூவார்க் என்ற ஊரில் பிறந்தார் ஹவுன்ஸ்ஃபீல்டு. முதல் உலகப்போர் முடிந்ததும் அவருடைய அப்பா ஒரு சின்னப் பண்ணையை வாங்கியிருந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி இவர். அண்ணன்கள் இரண்டு பேர், அக்காக்கள் இரண்டு பேர். அக்கம்பக்கத்தில் வீடுகள் அதிகம் இல்லாத கிராமம். கடைக்குட்டியை யாரும் பெரிசா கண்டுக்கலை. அதுதான் அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

பண்ணை இயந்திரங்கள் எப்படி ஓடுகின்றன என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் சொந்தப் பரிசோதனைகள் ஆரம்பமாகின. தானே செய்த கிளைடரைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் போர் உச்சியிலிருந்து குதித்தார். தார் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, அசிட்டிலீன் வாயுவை வெடிக்கவைத்து, பீப்பாய் எவ்வளவு உயரம் பறக்கும் என்று பார்த்தார். கை, கால் போகாமல் அவர் பெரியவர் ஆனதே பெரிய விஷயம்!

பள்ளிக்கூடத்தில்? இயற்பியல், கணக்கு இரண்டும்தான் சுலபமா வந்தது. மற்ற பாடங்களில் மனசு ஒட்டவே இல்லை. உங்க வகுப்பிலும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பார். ஒருவேளை அது நீங்களாவே இருக்கலாம்.

போரும் ஒரு டிப்ளமோவும்

இரண்டாம் உலகப்போர் வந்ததும் விமானப்படையில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அங்கே கிடைத்த ரேடியோ புத்தகங்களை ஒன்றுவிடாமல் படித்து, ரேடார் பயிற்சியாளர் ஆனார். போர் முடிந்தபோது, இவருடைய திறமையைக் கவனித்த ஓர் உயர் அதிகாரி உதவித்தொகைக்கு வழி செய்தார். லண்டனில் இருந்த ஃபாரடே ஹவுஸ் மின்பொறியியல் கல்லூரியில் சேர்ந்து படித்தார். முடித்து வாங்கியது டிப்ளமோ. வெறும் டிப்ளமோதானா என்று உங்களை யாராவது கேட்டால், இந்தப் பெயரைச் சொல்லுங்க. (இதழியல் டிப்ளமோ மட்டும் வைத்திருக்கும் நானும் அதைத்தான் செய்கிறேன்.)

படிப்பு முடிந்ததும் வேலைக்குச் சேர்ந்த இடம் இ.எம்.ஐ. ஆமா, பீட்டில்ஸ் பாட்டு ரெக்கார்டுகளை வெளியிட்ட அதே கம்பெனிதான். பாட்டு மட்டும் இல்லாமல் ரேடார், கம்ப்யூட்டர் வேலைகளையும் அந்தக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. முதலில் ரேடார் பிரிவு, பிறகு கம்ப்யூட்டர் பிரிவு. 1958 வாக்கில், முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் 'எமிடெக் 1100' என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டுதான் தலைவர். பிரிட்டனின் ஆரம்பகால டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர்களில் அதுவும் ஒன்று.

அடுத்து எடுத்தது, கம்ப்யூட்டருக்கான புதுவகை நினைவகம். அது சறுக்கியது. வியாபாரத்துக்குச் சரிப்படாது என்று திட்டத்தையே மூடிவிட்டார்கள். ஆனால், கம்பெனி இவரை உடனே வேறு வேலையில் மாட்டிவிடவில்லை. அமைதியா உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க நேரம் கொடுத்தது. தோல்விக்குப் பரிசாகக் கிடைத்த அந்த நேரத்தில்தான், 1967-ல், அந்த யோசனை வந்தது.

நிழலிலிருந்து எண்ணுக்கு

எக்ஸ்-ரேயை ரான்ட்ஜென் கண்டுபிடித்தது 1895-ல். ஆனால், எக்ஸ்-ரே படம் என்பது ஒரு நிழல்தான். உங்க இரண்டு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து டார்ச் அடித்துப் பாருங்க. சுவரில் விழும் நிழலில் எது முன் கை, எது பின் கை என்று தெரியாது. உடம்பிலும் அதேதான். எலும்பு பளிச்சென்று தெரியும். மூளை, கல்லீரல் மாதிரி மெத்தென்ற உறுப்புகள் எல்லாம் ஒன்றாகக் கலங்கித் தெரியும். கல்லீரலுக்குள் இருக்கும் ஒரு கட்டி, அந்தக் கலங்கலில் காணாமலே போய்விடும்.

ஹவுன்ஸ்ஃபீல்டு இதை ஓர் எண் புதிராகப் பார்த்தார். சுடோகு மாதிரி கட்டங்கள் போட்ட ஒரு பெட்டியை நினைச்சுக்கோங்க. உள்ளே என்ன எண்கள் இருக்கு என்று உங்களுக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் தெரியும். நேராக, குறுக்காக, சாய்வாக என்று எல்லாத் திசையிலிருந்தும் கூட்டுத்தொகைகள் கிடைத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எண் இருக்கும் என்று கண்டுபிடித்துவிடலாம் இல்லையா? எக்ஸ்-ரேயை உடம்பின் ஒரு மெல்லிய துண்டு வழியாகப் பல கோணங்களில் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேருது என்று அளந்தால், அதுதான் கூட்டுத்தொகை. மீதிக் கணக்கை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

ஒன்பது நாள்... ஒரே ஒரு படம்

யோசனை சரி, மெஷின்? பழைய லேத் மெஷினின் அடிப்பகுதியை எடுத்து, அதன் மேல் முதல் மாடலைக் கட்டினார். எக்ஸ்-ரேக்குப் பதில் அமெரிசியத்திலிருந்து வரும் காமா கதிர். அது ரொம்ப பலவீனமா இருந்ததால், ஒரே ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்க ஒன்பது நாள் ஆனது. அதைக் கணக்குப் போட பெரிய கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். பிறகு எக்ஸ்-ரே குழாயை மாட்டியதும் ஒன்பது நாள், ஒன்பது மணி நேரமாகக் குறைந்தது.

எதைப் படம் பிடிப்பது? முதலில் மருந்தில் பதப்படுத்திய மனித மூளை. பதப்படுத்தியதில் திசுவின் தன்மையே மாறியிருக்கலாம் என்பதால், கசாப்புக்கடையிலிருந்து மாட்டு மூளையைப் புதுசாக வாங்கி வந்து சரிபார்த்தார். கடைசியில் தன் தலையையே மெஷினுக்குள் கொடுத்தார்.

பீட்டில்ஸ் பாட்டு விற்ற காசில்தான் சி.டி ஸ்கேன் பிறந்தது என்று ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனால், அதில் பாதிதான் உண்மை. கம்பெனி பணம் போட்டது நிஜம். அதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொடுத்தது பிரிட்டன் அரசின் சுகாதாரத்துறை. அதாவது, அந்த நாட்டு மக்களின் வரிப்பணம்.

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனை. மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண் மெஷினுக்குள் தலையை வைத்தார். கூட இருந்தவர் கதிரியக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். அதுவரை இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுப்பார்கள். தலைவலியும் வாந்தியும் உயிரை எடுத்துவிடும். இந்தப் பெண்ணுக்கு ஊசி இல்லை, வலி இல்லை. சும்மா படுத்திருந்தால் போதும். எடுத்த அளவுகளை டேப்பில் பதிந்து, கம்பெனிக்கு அனுப்பிக் கணக்குப் போட்டார்கள். படத்தில் மூளையின் முன்பகுதியில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் திறந்து பார்த்தபோது, படத்தில் இருந்த மாதிரியே இருந்தது.

1972 ஏப்ரலில் விஷயத்தை உலகுக்கு அறிவித்தார்கள். தலைக்கு மட்டும் என்று ஆரம்பித்த மெஷின், 1975 வாக்கில் முழு உடம்புக்கும் வந்தது. கல்லீரல் முதல்முறையாகத் துண்டு துண்டாகத் திரையில் தெரிய ஆரம்பித்தது.

விரலால் கட்டியை அளந்த காலம்

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, அதற்கு முன்னாடி என்ன நடந்தது என்று தெரியணும். வயிற்றுக்குள் இருக்கும் கட்டிக்கு மருந்து வேலை செய்யுதா என்று பார்க்க, டாக்டர் கையால் அழுத்திப் பார்ப்பார். விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் எத்தனை விரற்கடை வீங்கி நிற்கிறது என்று அளப்பார். போன மாதம் நாலு, இந்த மாதம் மூணு என்றால் மருந்து வேலை செய்யுது என்று அர்த்தம்.

இந்தக் கை அளவு எவ்வளவு நம்பகமானது? அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மோர்டலும் ஹான்லியும் 1976-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கட்டி மாதிரி 12 உருண்டைகளை ஃபோம் விரிப்புக்குக் கீழே வைத்து, அனுபவமுள்ள 16 புற்றுநோய் மருத்துவர்களை அளக்கச் சொன்னார்கள். ஒரே அளவுள்ள உருண்டையே ஒரு தடவை பெரிசாகவும் இன்னொரு தடவை சின்னதாகவும் பதிவானது. அதாவது, எந்த மருந்தும் கொடுக்காமலே கட்டி சுருங்கியது! பாதிக்குப் பாதி குறைந்தால்தான் ஓரளவுக்கு நம்பலாம் என்று ஆனது. 1979-ல் உலக சுகாதார நிறுவனம் பொது விதிமுறையைக் கொண்டுவந்தபோது, இரண்டு திசையில் அளந்து பெருக்கி வரும் எண் 50 சதவிகிதம் குறைந்தால்தான் பலன் என்று வைத்தது.

வேலை செய்யாத மருந்தை வேலை செய்யுது என்று நம்பினால் என்ன ஆகும்? அந்த நோயாளி வீணாக இன்னும் சில மாதம் விஷம் மாதிரி மருந்தைத் தாங்குவார். வேறு மருந்தை முயற்சி செய்து பார்க்கும் நேரமும் கைவிட்டுப் போகும். ஸ்கேன் படத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதன் அருமை அங்கேதான் இருக்கு.

சுழியம் என்றால் தண்ணீர்

ஆனா ஹவுன்ஸ்ஃபீல்டு கொடுத்தது ஸ்கேல் மட்டும் இல்லை. ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஓர் எண் இருக்கு. தண்ணீர் என்றால் 0. காற்று என்றால் மைனஸ் 1,000. கொழுப்பு, மைனஸ் 100 பக்கம். கெட்டியான எலும்பு, ஆயிரத்தை ஒட்டி. ஆரோக்கியமான கல்லீரல், சுமார் 60. இந்த அளவுக்குப் பெயரே ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட். ரிப்போர்ட்டில் ஹெச்.யூ என்று சுருக்கமா போட்டிருப்பாங்க. நீளத்துக்கு மீட்டர் மாதிரி, ஸ்கேனுக்கு இவர் பெயர்.

இப்போ கல்லீரலுக்கு வருவோம். இந்த உறுப்புக்கு ஒரு விசேஷம் உண்டு. இரண்டு வழியில் ரத்தம் வரும். முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக, கால் பங்கு தமனி வழியாக. ஆனா கல்லீரலிலேயே உருவாகும் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தைத்தான் உறிஞ்சும். கையில் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி, அது தமனிக்கு வந்து சேரும் அரை நிமிடத்தில் படம் எடுத்தால், கட்டி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். ஒரு நிமிடம் தாண்டி எடுத்தால் கல்லீரல் வெளுக்கும், கட்டி மங்கும். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் மெஷினால் இந்த ஓட்டத்தைப் பிடித்திருக்க முடியாது. சுழன்றுகொண்டே படம் எடுக்கும் வேகமான மெஷின்கள் 1980-களின் கடைசியில் வந்த பிறகே இது சாத்தியமானது.

எங்க பெரியப்பாவுக்குச் செய்த சிகிச்சை, அந்தத் தமனியின் கிளையைத்தான் அடைக்கிறது. ரத்தம் போகலைன்னா கட்டி சாகும். ஆனா செத்த கட்டி உடனே மறையாது. தீ அணைந்த பிறகும் கருகிய கட்டை அதே நீளத்தில் கிடக்குமே, அது மாதிரி. ஸ்கேல் வைத்து அளந்தால் அதே சென்டிமீட்டர். ஹெச்.யூவைப் பார்த்தால் கதையே வேற. கான்ட்ராஸ்ட் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்த இடத்தில் எண் ஏறவே இல்லை என்றால், அங்கே ரத்தம் போகலை. போகலை என்றால் உயிர் இல்லை.

மருத்துவ உலகம் இதை விதியாக ஏற்க நேரம் பிடித்தது. 2000-ல் வந்த 'ரெசிஸ்ட்' விதிமுறை கட்டியின் நீளத்தை மட்டும் பார்த்தது; 30 சதவிகிதம் குறைந்தால் பலன், 20 சதவிகிதம் கூடினால் நோய் வளருது. அதே 2000-ல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவர்கள், செத்த பகுதியைக் கழித்துவிட்டு உயிருள்ள பகுதியை அளக்கணும் என்று பரிந்துரைத்தார்கள். அதிலிருந்து 2010-ல் 'எம்-ரெசிஸ்ட்' வந்தது. நடுவில் 2007-ல் 'சோய்' விதிமுறை. இது குடல்பகுதியில் உருவாகும் 'ஜிஸ்ட்' என்ற கட்டிக்கானது. அந்தக் கட்டி அடிக்கடி கல்லீரலுக்குப் பரவும். மாத்திரை வேலை செய்யும்போது, சில சமயம் கட்டி வீங்கக்கூடச் செய்யும். அதனால், அளவு 10 சதவிகிதம் குறைந்தாலோ, ஹெச்.யூ எண் 15 சதவிகிதம் குறைந்தாலோ மருந்து வேலை செய்யுது என்று எடுத்துக்கொண்டார்கள்.

சத்தமில்லாத சர்

1979-ல் மருத்துவ நோபல் பரிசு. கூட வாங்கியவர், தென் ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த இயற்பியலாளர் ஆலன் கார்மக். இதே கணக்கை அவர் 1963-64லேயே தனியாகப் போட்டு வெளியிட்டிருந்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேரும் டாக்டர் இல்லை. இரண்டு பேரிடமும் பிஹெச்.டி-யும் இல்லை.

1981-ல் சர் பட்டம் வந்தது. ஆனா ஆள் மாறலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீண்ட நடை, பனிச்சறுக்கு, தானே கற்றுக்கொண்ட பியானோ. நோபல் வாங்கிய சமயத்திலும் எம்.ஆர்.ஐ ஸ்கேனை எப்படி மேம்படுத்தலாம் என்றுதான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 2004 ஆகஸ்ட் 12-ம் தேதி, 84 வயதில் இறந்தார். தன் பெயரில் இருக்கும் எண்ணை வைத்து, கல்லீரலில் ஒரு கட்டி செத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கும் 'சோய்' விதிமுறையைப் பார்க்க அவர் இல்லை.

உங்க கைக்கு ரிப்போர்ட் வந்தா...

சென்டிமீட்டரை மட்டும் பார்த்து உடைஞ்சு போயிடாதீங்க, துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். 'ஆர்ட்டீரியல் என்ஹான்ஸ்மென்ட்', 'வயபிள்', 'நெக்ரோசிஸ்' என்ற வார்த்தைகள் இருக்கா என்று தேடுங்க. முதல் இரண்டும் கட்டியில் உயிருள்ள பகுதி இருப்பதைச் சொல்ல வரும். மூன்றாவது, செத்த பகுதி. வார்த்தைக்கு முன்னாடி 'இல்லை' என்று இருக்கான்னும் பாருங்க; அர்த்தமே தலைகீழாகும். பழைய கட்டி செத்திருந்தாலும், வேறு இடத்தில் புதுசா ஒன்று முளைத்திருந்தால் நோய் வளருது என்றுதான் கணக்கு. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவும் கட்டிகள் இப்படிப் பளிச்சிடாது. அதுக்கு அளவுகோல் வேற. அதனால முடிவை டாக்டர்கிட்டயே கேளுங்க.

பழைய ஸ்கேன் சி.டி-யைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பழையது இருந்தால்தான் புதுசுக்கு அர்த்தம். கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன்னாடி, சிறுநீரகப் பிரச்னையோ அலர்ஜியோ இருந்தால் மறக்காமல் சொல்லுங்க.

எங்க பெரியப்பாவின் கட்டி முழுசா போயிடலை. ஓரத்தில் கொஞ்சம் பளிச்சென்று இருந்ததால், இரண்டாவது தடவை சிகிச்சை செய்தார்கள். அந்த ஓரம் படத்தில் தெரியாமல் போயிருந்தால்..? எங்கே குறிவைக்கணும் என்றே டாக்டருக்குத் தெரிந்திருக்காது.

இப்போ மூணு மாசத்துக்கு ஒருமுறை குரூப்ல பி.டி.எஃப் வருது. பெரியம்மா இன்னமும் முதலில் பார்ப்பது சென்டிமீட்டரைத்தான். அப்புறம் எனக்கு போன் போட்டு, கறுப்பா இருக்கா, வெள்ளையா இருக்கா என்று கேட்கிறார்.